நாளும் கிலோவும் எழுதப்படாத சம்பளம்

தேயிலைத் தொழிலுக்கான சம்பள நிர்ணயச் சபையில் அமர்ந்திருக்கும் கம்பனிப் பிரதிநிதிகளுக்கும், தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கும், அரசு நியமித்த உறுப்பினர்களுக்கும்,



மலையகத்தில் சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கொழும்பிலிருந்து ஒரே பதில்தான் மேலே ஏறி வருகிறது. சம்பளத்தைக் கூட்டினால் தேயிலை விலை கூடும், விலை கூடினால் வாங்குகிறவன் கென்யாவுக்குப் போய்விடுவான், அவன் போனால் தோட்டம் மூடப்படும், தோட்டம் மூடினால் இருக்கிற சம்பளமும் இல்லை. என் பாட்டி காலத்திலும் இதைச் சொன்னார்கள், என் அம்மா காலத்திலும் சொன்னார்கள். நான் கொழுந்துக்காரியின் மகள். தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவள். ஆகவே உங்களிடம் கணக்காகவே பேசுகிறேன்.

பச்சைக் கொழுந்து நாலரைக் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். ஒரு நாளில் 18 கிலோ பறிப்பவள் 4 கிலோ தூளுக்கான கொழுந்தைக் கொண்டுவந்து கொட்டுகிறாள். அவளுடைய நாட்சம்பளம் 1000 ரூபாயிலிருந்து 1350 ஆனபோது கூடியது 350. நாலு கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 87 ரூபாய் 50 சதம். ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி கட்டும் 12 வீதத்தையும் நம்பிக்கை நிதிக்குக் கட்டும் 3 வீதத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 100 ரூபாய் வருகிறது. கவ்வாத்து வெட்டுகிறவர், புல்லு வெட்டுகிறவர், மருந்தடிக்கிறவர், ஆலையில் இரவு நிற்கிறவர் எல்லோருக்கும் கூடியதைக் கணக்கில் எடுக்க அதை இரட்டிப்பாக்குங்கள். கிலோவுக்கு 200 ரூபாய். ஒரு கோப்பைக்கு 2 கிராம் தூள் என்றால் ஒரு கிலோவில் 500 கோப்பை. கோப்பைக்கு 40 சதம். இலங்கையில் இப்போது 40 சதத்துக்கு வாங்கக்கூடிய பொருள் ஒன்றுமில்லை. தேநீர் குடிக்கிறவரைக் காட்டிப் பயமுறுத்துவதை இத்துடன் விட்டுவிடலாம்.

ஆனால் கோப்பையில் 40 சதமாகத் தெரிவது ஆலை வாசலில் கிலோவுக்கு 200 ரூபாய் என்பதை நான் மறைக்கவில்லை. கம்பனிக்கு அது சின்னத் தொகை அல்ல. கேள்வி என்னவென்றால், அந்த 200ஐக் கம்பனியால் விலையில் ஏற்ற முடியுமா? முடியாது என்று உங்களுக்கே தெரியும். 1883இலிருந்து கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது. கம்பனி விலை சொல்வதில்லை. தரகர் பட்டியல் போடுகிறார், வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். ஈராக்கிலும் ரஷ்யாவிலும் துருக்கியிலும் எவ்வளவு தேவை, டொலர் எங்கே நிற்கிறது, அந்த வாரம் மலையில் மழையா வெயிலா என்பவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. ஹட்டனில் ஒரு பெண்ணின் நாட்சம்பளம் என்ன என்று ஏலத்தில் எவரும் கேட்பதில்லை.

இதற்கு நம் கண்முன்னாலேயே சாட்சி இருக்கிறது. 2021 மார்ச்சில் 900 அடிப்படையும் 100 கொடுப்பனவுமாக 1000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. அந்த ஆண்டு ஏலத்தின் சராசரி விலை கிலோவுக்கு 600 ரூபாயைச் சுற்றி இருந்தது. இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, விளைச்சல் விழுந்தது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் பாய்ந்தது. அந்த ஆண்டின் சராசரி 1200 ரூபாயைத் தாண்டியது. விலை இரட்டிப்பாகிய அந்தக் காலத்தில் சம்பளம் எங்கே இருந்தது? அதே 1000. 2024 வரை மூன்று ஆண்டுக்கு மேல் அதே 1000. 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை நெருங்கியது. ரொட்டி தின்று மலையேறும் சனத்துக்குக் கோதுமை மா கிலோ 300 ரூபாயையும் தாண்டிய நாட்கள் அவை. உரமும் எண்ணெயும் மின்சாரமும் கம்பனிக்கும் ஏறின, ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. சம்பளம் அசையாமல் நிற்க விலை தன்பாட்டில் இரு மடங்காகலாம். அப்படியான நாட்டில் இருந்துகொண்டு சம்பளம்தான் விலையை ஏற்றுகிறது என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது.

குறைந்தபட்சச் சம்பளத்தால் விலை கூடும் இடங்களும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் 1992 ஏப்ரலில் மணிக்கு 4.25 டொலராக இருந்தது 5.05 ஆனது. டேவிட் கார்ட், அலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் அங்கேயும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் 410 துரித உணவுக் கடைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். வேலை குறையவில்லை என்றும், சாப்பாட்டு விலை பக்கத்து மாநிலத்தைவிட ஏறக்குறைய 4 வீதம் கூடியது என்றும் கண்டார்கள். அந்த முடிவைப் பிறகு சிலர் வேறு தரவுகளோடு மறுத்தார்கள். விவாதம் முப்பது ஆண்டாக நடக்கிறது. 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அதிலே பயன்படுகிற பகுதி விலைதான். தெருமுனைக் கடைக்காரன் விலையைக் கூட்டலாம். அவனோடு போட்டிபோடும் பக்கத்துக் கடைக்கும் அதே சட்டம்தான். வாடிக்கையாளர் ரொட்டியை வேறு நாட்டிலிருந்து வாங்க முடியாது. ஏலத்துக்குப் போகும் தேயிலைக்கு அந்த வசதி இல்லை.

விலையில் ஏற்ற முடியாத பாரம் வேறெங்கோ இறங்கியாக வேண்டும். சியாட்டில் நகரம் சம்பளத்தை 13 டொலர் வரைக்கும் உயர்த்தியபோது, அங்குள்ள வொஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குறைந்த சம்பள வேலைகளின் மணிநேரம் ஏறக்குறைய 9 வீதம் குறைந்ததாக 2017இல் சொன்னார்கள். பேர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து அதே நகரத்து உணவகங்களை ஆராய்ந்தவர்கள் வேலை குறையவில்லை என்றார்கள். யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் மணிநேரத்தில் கைவைப்பது என்ற அந்த ஒரு வழியை மலையகத்தில் எங்களுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அன்றைக்குப் பேர் விழுமா என்பதுதான் முதல் கேள்வி. துரைமாருக்கும் சங்கத்தாருக்கும் தெரியும்; அரசு உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலை செய்ததாகப் பதிவானால் ஒரு பேர். தோட்டம் குறித்த கிலோவைப் பறிக்காவிட்டால் அரைப் பேர். அதாவது 2024இல் வர்த்தமானியில் நீங்கள் எழுதிய 1350 ரூபாய் அன்று அவளுக்கு 675. காலையிலிருந்து மாலை வரை மலையில் நின்றிருப்பாள், அட்டை கடித்திருக்கும், மழையில் படங்குச் சாக்கு இடுப்பில் ஊறியிருக்கும். நிறுவைக்கு வந்தால் கூடைக்குக் கழிவு, ஈரக்கொழுந்து என்று தண்ணீருக்குக் கழிவு. 17 கிலோ பறித்தவளின் கணக்கில் 15 விழும். 16 கேட்ட மலையில் 15 என்றால் அரைப் பேர். உங்கள் சட்டம் அந்தத் தராசுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுகிறது.

1000 ரூபாய் வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2021 பெப்ரவரியில் இந்தச் சபையில் தொழிலாளர் தரப்பும் நியமன உறுப்பினர்களும் ஆதரவாக வாக்களிக்க, முதலாளிமார் தரப்பு எதிர்த்தது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மலையில் சட்டம் வேறு வழியாக எழுதப்பட்டது. 16 கேட்ட இடத்தில் 18, 18 கேட்ட இடத்தில் 20 என்று கிலோ ஏறியதாகத் தொழிலாளர் முறையிட்டார்கள். மாதத்தில் 12 நாள், 13 நாள்தான் வேலை கிடைக்கிறது என்று பல தோட்டங்களிலிருந்து குரல் வந்தது. மிச்ச நாட்களில் கைக்காசு: கிலோவுக்கு இத்தனை என்று ரூபாய், பேர் இல்லை. என் ஊரில் ஒரு வீட்டில் தாயும் மருமகளும் சேர்ந்து பறித்து ஒருத்தியின் பேருக்குக் கொழுந்து போட்டதை நான் கண்டேன். இரண்டு பெண்களின் உழைப்புக்கு ஒரு பேர். அந்த மாதத்துச் சம்பளத் துண்டில் சட்டப்படி ஒரு குறையும் இருக்காது.

இன்னொரு கணக்கு. 2025 ஏப்ரலில் நாட்டின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய் ஆனது. அப்போது தோட்டச் சம்பளம் 1350. இருபது நாள் பேர் விழுந்தால்தான் அந்த 27,000. 13 நாள் என்றால் 17,550. இது சட்டத்தை மீறியதாகவும் ஆகாது, ஏனென்றால் நாட்கூலிக்கு வேறு குறைந்தபட்சம்; அதைவிட இவளுடையது அதிகம். ஆனால் அடுப்பு மாதம் முழுக்க எரிகிறது. உங்களில் எவர் வீட்டிலாவது 13 நாள் மட்டும் எரிகிற அடுப்பு இருக்கிறதா?

இந்தச் சபை எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். இலங்கையில் தோட்டத்துக்கென்று முதல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்தது. 1929இலிருந்து மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்குச் சம்பளம் நிர்ணயித்த அந்தச் சட்டத்தை நான் புகழ மாட்டேன். ஆனால் அதில் ஒன்று இருந்தது. தோட்டம் தொழிலாளிக்குக் கொடுக்கும் அரிசியின் விலையும் சம்பளத்தோடு சேர்த்தே நிர்ணயிக்கப்பட்டது. கையில் விழும் சதத்துக்கு எவ்வளவு அரிசி என்ற கணக்கு வெள்ளைக்காரத் துரைமாருக்கே புரிந்திருந்தது. முப்பதுகளில் உலகச் சந்தை விழுந்தபோது அதே கணக்கை எடுத்துக்கொண்டு சம்பளத்தை வெட்டவும் செய்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் 16 சதம் கூட்டிக் கேட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு வந்தது சம்பள நிர்ணயச் சபைகள் கட்டளைச் சட்டம். நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலி அந்தச் சட்டத்தின் நாற்காலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் ஆவதற்கு அதன் பிறகும் 1984 வரை போக வேண்டியிருந்தது. அதுவும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான்.

கம்பனிப் பிரதிநிதிகளே, உங்கள் பக்கத்து நியாயத்தையும் எடுத்துப் பேசுகிறேன். உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் சம்பளம்தான் என்கிறீர்கள், உண்மை. கென்யாவில் ஒரு ஆள் பறிக்கும் கொழுந்து இங்கே இரண்டு ஆளுக்கும் வராது என்கிறீர்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கிலோ என்பது கையில் மட்டும் இல்லை, செடியிலும் இருக்கிறது. நூறு வயது கடந்த நாற்றுத் தேயிலை மலையில் நிற்கிற பெண்ணும் தண்டுத்துண்டிலிருந்து வளர்த்த வீ.பி. தேயிலை மலையில் நிற்கிற பெண்ணும் ஒரே வேகத்தில் விரலை ஓட்டினாலும் கூடையில் விழுவது ஒன்றாகாது. ஆண்டுக்கு 2 வீதம் மறுநடுகை வேண்டும் என்று தேயிலைத் துறை வைத்த அளவு இருக்கிறது. பெருந்தோட்டங்கள் அதன் கிட்டவும் போகவில்லை. உரம் போடாத, புல்லு மண்டிய மலையில் கிலோவைக் கூட்டிக் கேட்பது செடி செய்யாததைக் கையிடம் கேட்பது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோது நிலம் அரசுடையதாகவே இருந்தது. குத்தகை 2045 வரை. நட்ட தேயிலை பலன் தரும் முன் குத்தகை முடிந்துவிடுமோ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். அந்தத் தயக்கத்தை அரசோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அதற்கான வட்டியை எங்கள் பெண்கள் கிலோவில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியாள் முறை, அதாவது செடியைத் தொழிலாளியின் பொறுப்பில் விட்டுக் கொழுந்துக்கு விலை கொடுப்பது, நீங்கள் வைக்கும் மாற்று. அதை நான் எடுத்தவுடன் தள்ள மாட்டேன். சிறு தோட்டக்காரர்கள்தான் இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பங்கைத் தருகிறார்கள். காலி, மாத்தறை, இரத்தினபுரியில் தேயிலையால் வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு இரண்டு பாதுகாப்பு உண்டு. நிலம் அவர்களுடையது. ஏலத்தில் விற்ற விலையில் 68 பங்கு கொழுந்து தந்தவருக்கு, 32 பங்கு ஆலைக்கு என்று அரசு வைத்த கணக்கும் இருக்கிறது. 2022இல் விலை ஏறியபோது அந்தக் கணக்கின்படி அவர்களுடைய கொழுந்தின் விலையும் ஏறியது. எங்கள் பெண்ணுக்கு நிலமும் இல்லை, 68உம் இல்லை. சங்கங்களோடு செய்த 2019 கூட்டு ஒப்பந்தத்தில் 700 அடிப்படையோடு விலைப் பங்கு என்று 50 ரூபாய் சேர்த்தீர்கள். ஏல விலை ஏறினாலும் இறங்கினாலும் 50. சேமலாப நிதியும் லயத்து வீடும் கேள்விக்குறியாகும் முறையை நீட்டுமுன், சிறு தோட்டக்காரருக்குச் சட்டம் தரும் பங்கைத் தொழிலாளிக்கும் எழுதித் தர ஆயத்தமா என்று சொல்லுங்கள்.

தொழிற்சங்கத் தலைவர்களே, உங்களோடுதான் எனக்கு அதிக மனத்தாங்கல், ஏனென்றால் உங்களிடம்தான் அதிகம் எதிர்பார்த்தோம். 2018இல் 1000 ரூபாய் கேட்டு எங்கள் பிள்ளைகள் கொழும்புக் காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு கூடினார்கள். அது நியாயமான கோரிக்கை. ஆனால் அன்றிலிருந்து சம்பளப் போராட்டம் முழுவதும் ஒரே ஒரு எண்ணுக்குள் அடங்கிவிட்டது. முதலில் 1000, பிறகு 1700. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1700 அறிவிக்கப்பட்டபோது பட்டாசு வெடித்தது. ஜூலையில் உயர்நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைநிறுத்தியது. ஓகஸ்டில் இந்தச் சபையில் நீங்கள் 1350க்கு இணங்கினீர்கள். மிச்ச 350 சட்டபூர்வச் சம்பளமாக வரவில்லை. அந்த 350க்காக நடந்த சண்டையில் பாதியாவது கிலோவுக்காகவும் நாளுக்காகவும் நடந்ததா? 2021இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகியபோது சம்பளத்தைவிடப் பெரிய ஒன்று கையைவிட்டுப் போனது: வேலை நிபந்தனைகளை இருதரப்பும் உட்கார்ந்து பேசி எழுதி வைக்கும் இடம். அந்த ஒப்பந்தத்திலும் குறைகள் நிறைய இருந்தன. அதற்குப் பதிலாக எதையும் நாம் கட்டவில்லை. எண்ணுக்கு மாலை போட்டோம்.

அரசு உறுப்பினர்களே, 2025 நவம்பரில் முன்வைத்த வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1550 ஆக்குவதாகவும், அதன்மேல் வருகைக்கு அரசே 200 ரூபாய் தருவதாகவும் சொல்லப்பட்டது. மொத்தம் 1750. அந்தப் பணம் கைக்கு வரும் எந்தப் பெண்ணையும் நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மாட்டேன். அவளுக்கு அது மாவும் பருப்பும். ஆனால் கம்பனி கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பகுதியை வரி கட்டுகிறவர் கொடுப்பது எத்தனை ஆண்டுக்கு? ஏல விலையை யார் யார் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை அது தள்ளிப்போடுகிறது. வருகைக்குக் கொடுப்பனவு என்கிறீர்கள். வேலை கொடுக்கப்படாத நாளில் அவள் எங்கே வருகை தருவாள்? மாதத்தில் 13 நாள் மட்டும் பெரட்டில் பேர் கூப்பிட்டால் 200உம் 13 தடவைதான்.

ஆகவே உங்கள் மூன்று தரப்பிடமும் நான் கேட்பது, அடுத்த வர்த்தமானியில் ரூபாய்க்குப் பக்கத்தில் இன்னும் சில வரிகள். மாதத்தில் குறைந்தது எத்தனை நாள் வேலை கொடுக்க வேண்டும், கொடுக்காத நாளுக்குச் சம்பளத்தில் எவ்வளவு என்பது ஒரு வரி. கிலோவை நிர்வாகம் தனியே கூட்ட முடியாது, அந்த மலையின் செடி வயது, பருவம், உரம் போட்ட கணக்கு ஆகியவற்றைப் பார்த்துத் தொழிலாளர் பிரதிநிதியோடு எழுதிக் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்பது இன்னொரு வரி. அரைப் பேர் போட்டால் காரணத்தை அன்றைக்கே எழுதித் துண்டு கொடுக்க வேண்டும். நிறுவைத் தராசில் கழிவு எவ்வளவு, எதற்கு என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும். ஏல விலை ஓர் அளவுக்கு மேல் போனால் சம்பளத்தில் பங்கு தானாகக் கூடவும் வேண்டும். விலை விழும்போது அடிப்படை விழக்கூடாது. அடிப்படை என்பது அதற்குத்தான்.

இவை சட்டத்தில் ஏறினால் கம்பனியின் செலவு கூடும் என்பதை மறைத்துப் பேச நான் வரவில்லை. சில தோட்டங்கள் இந்தப் பாரத்தைத் தாங்காது என்றால் எந்தத் தோட்டம், எவ்வளவு, ஏன் என்று கணக்கைத் திறந்து இந்தச் சபையில் வையுங்கள். நட்டம் என்று பொதுவாகச் சொல்லும் பேச்சை மட்டும் வைத்து இனி எவரும் சம்பளம் பேசக்கூடாது. தோட்டவாரியாக ஏலத்தில் விற்ற விலை, பறித்த கிலோ, கொடுத்த நாள் ஆகிய மூன்றும் மாதந்தோறும் பெரட்டுக்களத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். படித்துப் புரிந்துகொள்ள எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நாளும் கிலோவும் தனித் தலைப்பாக வருமா, வராதா என்பதை ஒவ்வொரு தரப்பும் எழுத்தில் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழுந்துக்காரியின் மகள், ஓய்வுபெற்ற ஆசிரியை
ஹட்டன்